போர் லாகிங் செய்வது எப்படி: கேபிள் இறங்குவதற்கு முன்பிருந்து ஃபில்டர் பைப் இறங்கும் வரை

போர் லாகிங் என்பது, போட்ட துளைக்குள் அளவுக் கருவியை (புரோப்) கேபிளில் இறக்கி, ஆழத்துக்கு ஆழம் நிலத்தின் தன்மையைக் கோடுகளாகப் பதிவது; அந்தப் பதிவுதான் லாக். துளை போட்டு முடிந்துவிட்டது, ரிக் சும்மா நிற்கிறது, "எவ்வளவு நேரம் ஆகும் சார்?" என்று டிரில்லர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறார், புதிதாக வந்தவர் பதற்றத்தில் கையில் கிடைத்த புரோபை மாட்டி உள்ளே விட்டுவிடுகிறார். நான் பார்த்த கெட்ட லாகுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் கெட்டன. கருவி பழுதானதால் வீணானவை குறைவு. வரிசை மாறியதாலும், எழுதி வைக்க வேண்டிய நாலு எண்களை எழுதாமல் விட்டதாலும் வீணானவைதான் அதிகம்.

அதனால் இங்கே வரிசைக்குத்தான் முதலிடம். காவிரி டெல்டாவின் கடலோர மணலும் களிமண்ணும் கலந்த நிலத்தில் ரோட்டரி ரிக் போட்ட துளையை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் லாக் இல்லாமல் ஃபில்டர் (தண்ணீர் உள்ளே வரத் துளையிட்ட குழாய்) வைக்கவே கூடாத இடம் அது. கடினப் பாறையிலும் நெய்வேலி மாதிரி பழுப்பு நிலக்கரி இருக்கும் இடத்திலும் என்ன மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. கேள்வியை முதலில் எழுதுங்கள்

"ஒரு லாக் எடுத்துக் கொடுங்கள்" என்று மட்டும் யாராவது கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள். எந்த மணலில் நல்ல தண்ணீர் இருக்கிறது, எந்த வெடிப்பிலிருந்து தண்ணீர் வருகிறது, நிலக்கரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற மூன்றும் வேறு வேறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் கருவி வேறு.

டெல்டா துளைக்கு எஸ்.பி. (துளைக்குள் தானாக எழும் மின்னழுத்தம்), 16 அங்குல நார்மல், 64 அங்குல நார்மல் (அந்தந்த இடைவெளியில் எலக்ட்ரோடு வைத்து மின்தடையை அளப்பவை), காமா (நிலத்திலிருந்து வரும் இயற்கைக் கதிர்வீச்சு), காலிப்பர் (துளையின் விட்டம்) ஆகியவை போதும். பாறைத் துளைக்கு வெப்பநிலை, நீரின் மின்கடத்துதிறன், காலிப்பர், ஒற்றைப் புள்ளி மின்தடை (துளைக்குள் ஒரே எலக்ட்ரோடால் அளப்பது) வேண்டும். துளைச் சுவரைப் படமெடுக்கும் டெலிவியூவர் இருந்தால் இன்னும் நல்லது. நிலக்கரிக்கு அடர்த்தி லாக் இல்லாமல் முடியாது.

இன்னொன்றையும் இப்போதே கேட்டுவிடுங்கள்: துளையில் கேசிங் (சுவரைத் தாங்கும் குழாய்) இறக்கிவிட்டார்களா? எஸ்.பி.யும் நார்மல் மின்தடையும் கேசிங் இல்லாத, தண்ணீரோ சேறோ (துளையிடும்போது கலக்கிச் சுற்றவிடுவது) நிறைந்த துளையில் மட்டும்தான் வேலை செய்யும். இரும்புக் குழாய் மின்சாரத்தைத் தன் வழியே இழுத்துக்கொள்ளும், பி.வி.சி. குழாய் அதைத் தடுத்துவிடும். காமாவுக்கு இந்தக் கவலை இல்லை, குழாய்க்குள்ளும் எடுக்கலாம், அளவு மட்டும் கொஞ்சம் குறையும். பி.வி.சி. இறக்கிய பழைய போர் என்றால், நிலத்தைத் தொடாமலே மின்கடத்தலை அளக்கும் இண்டக்‌ஷன் கருவி வேண்டும். இதைக் கேட்காமல் நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய், கேசிங் முழுக்க இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

டிரில்லரின் நோட்டிலிருந்து துளையின் ஆழம், ஒவ்வொரு பிட்டின் விட்டம், மேல் கேசிங் எத்தனை மீட்டர், சேறு எதில் கலக்கினார்கள் என்பதைப் போனிலேயே வாங்கிவிடுங்கள். துளையின் விட்டம் தெரியாமல் எந்தப் புரோப் எடுத்துப் போவது என்று முடிவு செய்ய முடியாது.

களத்துக்கு எடுத்துப் போக வேண்டியவை: ஈ.சி. (நீரின் மின்கடத்துதிறன்) மீட்டர், வெப்பமானி, நீர்மட்டம் பார்க்கும் டேப், நல்ல அளவு டேப், இரண்டு மூன்று மாதிரி பாட்டில்கள், இன்சுலேஷன் டேப், சிலிக்கான் கிரீஸ், மல்டிமீட்டர். முதல் நாள் இரவே கேபிளின் ஒவ்வொரு கம்பிக்கும் தொடர்ச்சியும் இன்சுலேஷனும் பாருங்கள். புரோப் மாட்டும் கேபிள் ஹெட்டுக்குள் ஒரு சொட்டு ஈரம் போனால் போதும், மின்தடை கோடு ஆட ஆரம்பித்துவிடும், களத்தில் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அரை நாள் போய்விடும்.

3. துளையைத் தயார் செய்யுங்கள்

டெல்டாவில் பைலட் துளை (முதலில் போடும் சிறிய துளை) போட்டதும், துளையிடும் கம்பிகளை மேலே எடுப்பதற்கு முன் கொஞ்ச நேரம் சேற்றைச் சுற்றவிடச் சொல்லுங்கள். அடியில் கிடக்கும் துகள்கள் வெளியேற வேண்டும், மேலிருந்து கீழ்வரை சேறு ஒரே மாதிரி இருக்க வேண்டும். சேறு ஓரிடத்தில் கெட்டியாகவும் ஓரிடத்தில் தண்ணீராகவும் இருந்தால் உங்கள் மின்தடை கோடு நிலத்தைக் காட்டாமல் சேற்றைக் காட்டும்.

கம்பி வெளியே வந்தபின் நேரம் ஓட ஆரம்பிக்கிறது. தளர்ந்த மணல் சரியும், களிமண் ஊதும், மணலுக்கு எதிரே சேற்றுப்படலம் தடித்துக்கொண்டே போகும், சேற்றின் தண்ணீர் மணலுக்குள் ஊடுருவும். அதனால் கடைசிக் கம்பி மேலே வரும்போது உங்கள் வின்ச், டிரைபாட், கம்ப்யூட்டர் எல்லாம் தயாராக நிற்க வேண்டும். "காலையில் வந்து எடுத்துக்கலாம்" என்று டிரில்லர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். விடிந்து பார்க்கும்போது அடியில் பத்து பதினைந்து மீட்டர் தூர்ந்திருக்கும். பெரும்பாலும் நமக்கு வேண்டிய மணலும் அங்கேதான் இருக்கும்.

டிரைபாட் நிமிர்த்தும் முன் தலைக்கு மேலே பாருங்கள். வயல் நடுவே மின்கம்பி தாழ்வாகப் போகும் இடங்கள் நிறைய. வேலைக்கு நடுவே சாப்பிடப் போனாலும் துளையின் வாயைக் கனமான மூடியால் மூடிவிட்டுப் போங்கள். ஐந்து நிமிடம்தானே என்று நினைக்காதீர்கள், வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகள் எந்த நேரத்திலும் பக்கத்தில் இருப்பார்கள்.

4. சேற்றை அளந்து எழுதுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. சுற்றி வெளியே வரும் சேற்றில் ஒரு பாட்டில் பிடித்து, அதன் ஈ.சி.யையும் வெப்பநிலையையும் அங்கேயே அளந்து லாகின் தலைப்பில் எழுதுங்கள். ஈ.சி.யை சென்டிமீட்டருக்கு மைக்ரோசீமன்ஸ் கணக்கில் எடுத்து 10,000ஐ அதனால் வகுத்தால் மின்தடை ஓம்-மீட்டரில் கிடைக்கும். ஈ.சி. 2000 என்றால் 5 ஓம்-மீட்டர். ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் மின்தடை ஏறக்குறைய 2 சதவீதம் குறையும், அதனால் வெப்பநிலை இல்லாத ஈ.சி. எண் பாதி எண்தான். உங்கள் மீட்டர் தானாகவே 25 டிகிரிக்குத் திருத்திக் காட்டுமா, இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இது ஏன் அவ்வளவு முக்கியம்? எஸ்.பி. கோடு அசைவதே சேற்றுநீருக்கும் மணலில் உள்ள நீருக்கும் உப்பு வேறுபாடு இருப்பதால்தான். நல்ல தண்ணீரில் கலக்கிய சேறும் உவர்நீர் மணலும் சந்தித்தால் மணலுக்கு எதிரே எஸ்.பி. இடப்பக்கம், அதாவது எதிர்மறையாகப் போகும். இரண்டின் உப்பும் ஒன்றானால் கோடு அசையாது. சேறு அதிக உப்பாக இருந்தால் வலப்பக்கம் திரும்பும்.

ஒருமுறை கடலோரத்தில் ஒரு துளையில் எஸ்.பி. முழுக்க வலப்பக்கமாகப் போனது. கூட வந்த பையன் கம்பியை மாற்றி மாட்டிவிட்டோம் என்று நினைத்து இரண்டு முறை அவிழ்த்து மாட்டினான். விசாரித்தால், டேங்கர் வராததால் பக்கத்து வாய்க்கால் தண்ணீரில் சேறு கலக்கியிருக்கிறார்கள், அது கடல் ஏறும் வாய்க்கால். கோடு சரியாகத்தான் இருந்தது, நாங்கள்தான் சேற்றை முதலில் அளக்கவில்லை.

5. ஆழத்தின் பூஜ்யத்தை எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள்

எங்கிருந்து அளக்கிறோம்? தரைமட்டமா, கேசிங் விளிம்பா, ரிக் மேடையா? டிரில்லர் மேடையிலிருந்து கணக்கு வைத்திருப்பார், நீங்கள் கேசிங் விளிம்பில் புரோபைப் பூஜ்யம் செய்வீர்கள், ஃபில்டர் இறக்கும்போது மேஸ்திரி தரையிலிருந்து எண்ணுவார். மூன்றும் ஒன்றுக்கொன்று அரை மீட்டர் தள்ளினாலே நாலு மீட்டர் மணலில் வைக்க வேண்டிய ஃபில்டரின் நுனி களிமண்ணுக்குள் போய்விடும். நான் எப்போதும் தரைமட்டத்தையே பூஜ்யமாக வைக்கிறேன், கேசிங் தரைக்கு மேல் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது என்பதைத் தனியாக எழுதுகிறேன், டிரில்லரையும் மேஸ்திரியையும் கூப்பிட்டு அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்கிறேன்.

அப்புறம், ஆழம் என்பது புரோபின் நுனியிலிருந்து அல்ல, அளக்கும் புள்ளியிலிருந்து. காமா கிரிஸ்டல் நுனிக்கு மேலே ஓரிடத்தில் இருக்கும், 64 அங்குல நார்மலின் அளவுப்புள்ளி இன்னோரிடத்தில். மென்பொருளில் இந்தத் தள்ளல்கள் சரியாக இருக்கின்றனவா என்று டேப் வைத்து ஒருமுறையாவது நீங்களே அளந்து பாருங்கள். முந்தைய வேலையில் வேறு புரோப் மாட்டி, பழைய அமைப்பு அப்படியே கிடப்பது அடிக்கடி நடக்கும்.

வேலை முடிந்து புரோப் மேலே வந்ததும் கவுண்டர் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா? இந்தத் தள்ளலையும் எழுத வேண்டும். அளவுச் சக்கரத்தில் சேறு ஒட்டினால் சக்கரம் வழுக்கும், ஆழம் பொய் சொல்லும். ஏறும்போது கேபிளைத் துணியால் துடைத்துக்கொண்டே இருக்க ஒருவரை நிறுத்துங்கள்.

6. தரை எலக்ட்ரோடும் மின்சார இரைச்சலும்

எஸ்.பி. மில்லிவோல்ட் கணக்கு. அதனால் தரை எலக்ட்ரோடை ஈரமான மண்ணிலோ சேற்றுக்குழியிலோ புதைத்து, ஒருமுறை வைத்த பிறகு தொடாதீர்கள். இரும்புக் கேசிங், ரிக்கின் சட்டம், ஜெனரேட்டரின் எர்த் இவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். யாராவது கேபிளைத் தடுக்கி எலக்ட்ரோடை அசைத்துவிட்டால் கோட்டில் படிக்கட்டு மாதிரி ஒரு தாவல் வரும், அதைப் புதியவர்கள் மணல் என்று குறித்துவிடுவார்கள்.

லாக் ஓடும்போது பக்கத்தில் வெல்டிங் நடக்கக் கூடாது. இது கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அதே நேரத்தில் ஃபில்டர் பைப்பை வெல்டிங் செய்ய ஆரம்பிப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. பக்கத்து வயல் மோட்டார் ஓடுகிறதா என்றும் பாருங்கள், நடுவில் நின்றாலோ ஓடினாலோ நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

7. இறக்கும் வரிசை

விதி ஒன்றுதான்: துளையைக் கலைக்காதது முதலில், இழந்தால் தாங்க முடியாதது கடைசியில்.

முதலில் வெப்பநிலையும் நீரின் மின்கடத்துதிறனும். இவற்றை இறங்கும்போதே எடுக்க வேண்டும், ஏனென்றால் ஒருமுறை புரோப் மேலும் கீழும் போனால் தண்ணீர் கலந்துவிடும். சேறு நிறைந்த துளையில் இவற்றுக்குப் பெரிய பயன் இல்லை, அங்கே விட்டுவிடலாம். பாறைத் துளையில் விடவே கூடாது.

இரண்டாவது எஸ்.பி., மின்தடை, காமா. பெரும்பாலும் ஒரே புரோபில் இருக்கும். இவற்றை ஏறும்போது எடுக்கிறோம், ஏனென்றால் ஏறும்போதுதான் கேபிள் விறைப்பாக இருக்கும், ஆழம் நம்பகமாக இருக்கும். இறங்கும்போது புரோப் ஓரிடத்தில் தட்டி நின்றாலும் கேபிள் மட்டும் தளர்ந்து போய்க்கொண்டே இருக்கும், கவுண்டரும் ஓடிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது காலிப்பர். கைகளை மூடியபடி இறக்கி, அடியில் விரித்து, ஏறும்போது அளக்க வேண்டும். கைகள் சுவரைச் சுரண்டும் என்பதால் மின்தடைக்குப் பிறகு.

கதிரியக்க மூலம் உள்ள அடர்த்தி, நியூட்ரான் கருவிகள் எல்லாவற்றுக்கும் கடைசி. காலிப்பர் கோட்டைப் பார்த்து, துளை எங்கும் குறுகவில்லை என்று தெரிந்த பிறகு, அதே அளவுள்ள வெற்றுப் புரோப் ஒன்றை அடிவரை விட்டெடுத்த பிறகுதான். அடர்த்திக் கருவியில் பொதுவாக சீசியம்-137, நியூட்ரானில் அமெரிசியம்-பெரிலியம். சீசியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 30 ஆண்டு, அமெரிசியத்தினுடையது 430 ஆண்டுக்கு மேல். இந்தியாவில் இவற்றைக் கையாள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். குடிநீர்த் துளையில் மூலம் உள்ள கருவியை நான் இறக்க மாட்டேன். அங்கே கேட்கப்படும் கேள்விகளுக்கு அது இல்லாமலே பதில் கிடைக்கிறது, மாட்டிக்கொண்டால் விலை மிகப் பெரிது.

8. ஓட்டும்போது

காமா என்பது எண்ணிக்கை. ஒரு இடத்தில் 100 துடிப்பு எண்ணினால் சுமார் 10 சதவீதம் தானாகவே ஆடும், 25 தான் எண்ணினால் 20 சதவீதம் ஆடும். வேகமாக இழுத்தால் எண்ணிக்கை குறையும், ஆட்டம் கூடும், மெல்லிய களிமண் அடுக்குகள் காணாமல் போகும். காமா உள்ள ஓட்டத்தை நிமிடத்துக்கு 3 முதல் 5 மீட்டருக்குள் வைக்கிறேன். மின்தடை மட்டும் என்றால் வேகமாகப் போகலாம்.

முதலில் அடியிலிருந்து ஒரு 20, 30 மீட்டர் எடுங்கள், மறுபடி இறக்கி அதே பகுதியை இன்னொரு முறை எடுங்கள். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். மின்தடை பொருந்தாவிட்டால் கேபிள் ஹெட்டையும் எலக்ட்ரோடையும் பாருங்கள். காமா கொஞ்சம் வேறுபடும், ஆனால் ஏற்ற இறக்கத்தின் வடிவம் ஒன்றாக இருக்க வேண்டும். ரிப்பீட் இல்லாத லாகை யாரும் நம்ப வேண்டியதில்லை.

புரோபைத் துளைக்குள் சும்மா நிறுத்தி வைக்காதீர்கள். சேற்றின் அழுத்தம் அதை மணல் சுவரோடு ஒட்டிவிடும். மாட்டிக்கொண்டால் வின்ச்சை முழு வேகத்தில் இழுக்காதீர்கள். முதலில் கொஞ்சம் கீழே விட்டுப் பாருங்கள், அப்புறம் மெதுவாக மேலே, டென்ஷன் மீட்டரைப் பார்த்துக்கொண்டே. கேபிள் ஹெட்டில் வேண்டுமென்றே வைத்த பலவீன இணைப்பு ஒன்று இருக்கும், அளவு தாண்டினால் அது அறுந்து கேபிளாவது திரும்பி வரும். அந்த எண் என்ன என்பது வின்ச் ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

9. பாறைத் துளை என்றால் என்ன மாறும்

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. டி.டி.ஹெச். ரிக் (துளையின் அடியில் சுத்தியல் அடித்துப் பாறையை உடைப்பது) காற்றழுத்தத்தில் போடும் போர்களில் சேறு இல்லை, சுவர் சரியாது, அவசரமும் இல்லை. உண்மையில் இங்கே காத்திருக்கத்தான் வேண்டும். கம்ப்ரஸர் தண்ணீரை முழுக்கக் கலக்கியிருக்கும், ஒரு நாளாவது விட்டு நீர்மட்டம் நிலைத்த பிறகு வெப்பநிலை லாக் எடுங்கள்.

பூமிக்குள் 100 மீட்டருக்குச் சுமார் 2 முதல் 3 டிகிரி வெப்பம் ஏறுவது வழக்கம். கோடு ஓரிடத்தில் செங்குத்தாக நின்றாலோ திடீரென்று உடைந்தாலோ அங்கே தண்ணீர் உள்ளே வருகிறது அல்லது துளைக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓடுகிறது. அதே ஆழத்தில் காலிப்பர் விரிந்து, ஒற்றைப் புள்ளி மின்தடை இறங்கினால் அது வெடிப்பு. காலிப்பர் மட்டும் விரிந்து, வெப்பநிலையில் ஒன்றும் இல்லையென்றால் அது தண்ணீர் இல்லாத உடைந்த பகுதியாக இருக்கலாம்.

இங்கே இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். நீர்மட்டத்துக்கு மேலே எடுத்த மின்தடையைப் பாறை என்று படிப்பது ஒன்று, அங்கே எலக்ட்ரோடு எதையும் தொடவில்லை, வெறும் காற்று. காமா ஏறிய இடத்தையெல்லாம் களிமண் என்பது இன்னொன்று. பாறையில் இளஞ்சிவப்பு கிரானைட்டும் பெக்மடைட் நரம்பும் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரால் காமாவைத் தூக்கிவிடும். பாறையை வெட்டிச் செல்லும் கருநிற டோலரைட் டைக்கில் அது தாழ்ந்து போகும்.

10. கோடுகளைப் படிப்பது

எப்போதும் காமாவிலிருந்து தொடங்குங்கள். டெல்டாவில் களிமண்ணில் பொட்டாசியம், தோரியம், யுரேனியம் கூடுதலாக இருப்பதால் காமா அதிகம், சுத்தமான மணலில் குறைவு. இதில் தண்ணீரின் உப்புக்குப் பங்கில்லை. அதனால் எது மணல், எது களிமண் என்று காமாவை வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். மின்தடையைப் பார்க்காமலே போடுங்கள், பார்த்தால் கை தானாக அந்தப் பக்கம் சாயும்.

இப்போது 64 அங்குல மின்தடையைப் பக்கத்தில் வையுங்கள். காமா குறைவு, மின்தடை அதிகம் என்றால் நல்ல தண்ணீர் மணல். காமா அதிகம், மின்தடை குறைவு என்றால் களிமண். காமா குறைவு, மின்தடையும் குறைவு என்றால் உவர்நீர் மணல். இந்த மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்க்கும். மின்தடையை மட்டும் வைத்துப் படிப்பவர் அதைக் களிமண் என்று எழுதி, அதற்கு எதிரே உப்பு இறங்காமல் தடுக்கும் சீல் எதுவும் வேண்டாம் என்று விட்டுவிடுவார். டிரில்லர் மாதிரியை மட்டும் வைத்துப் படிப்பவர் அதை அருமையான மணல் என்று ஃபில்டர் வைத்துவிடுவார். கடலோரத்தில் மேலே உப்பு, நடுவில் நல்ல தண்ணீர், கீழே மறுபடி உப்பு என்று அடுக்கடுக்காகவே வரும், ஒரு அடுக்கில் தவறினால் கிணறு போயிற்று.

உப்பின் அளவைத் தோராயமாகச் சொல்லலாம். தளர்ந்த மணலின் மின்தடை, அதில் உள்ள நீரின் மின்தடையைப் போல் சுமார் 4 முதல் 5 மடங்கு இருக்கும். ஈ.சி. 2000 உள்ள நீர் 5 ஓம்-மீட்டர், அந்த மணல் 20 முதல் 25 ஓம்-மீட்டர். ஈ.சி. 10,000 உள்ள நீர் 1 ஓம்-மீட்டர், மணல் 4 முதல் 5. ஈ.சி.யை 0.64ஆல் பெருக்கினால் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள மொத்த உப்புகள்) ஓரளவு வரும். இந்தியக் குடிநீர்த் தரத்தில் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி. ஆனால் இந்தக் கணக்கைக் களிமண் கலந்த மணலில் போடாதீர்கள். அங்கே களிமண்ணே மின்சாரத்தைக் கடத்துவதால் நல்ல தண்ணீரும் உப்பு மாதிரித் தெரியும். அதே ஊரில் பம்ப் செய்து ஈ.சி. பார்த்த ஒரு பழைய கிணற்றின் லாக் கிடைத்தால், அதை வைத்து மடங்கைத் திருத்திக்கொள்ளுங்கள். புத்தகத்தில் உள்ள மடங்கைவிட அது எவ்வளவோ நம்பகமானது.

16 அங்குலம் துளைக்கு அருகே பார்க்கிறது, 64 அங்குலம் உள்ளே தள்ளிப் பார்க்கிறது. மணலுக்கு எதிரே 16 அங்குலம் கூடுதலாகவும் 64 குறைவாகவும் இருந்தால், உள்ளே இருக்கும் நீர் சேற்றுநீரைவிட உப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். மாறி இருந்தால் உள்ளே நல்ல தண்ணீர். படி 4இல் அளந்த ஈ.சி. எண் இல்லையென்றால் இந்த ஒப்பீட்டால் பயனில்லை. துளை அகலமான இடத்தில் சேறு அதிகம் என்பதால் 16 அங்குலக் கோடு தானாகவே இறங்கும், அதையும் காலிப்பரோடு பாருங்கள்.

64 அங்குலம் என்பது 1.6 மீட்டர். அதைவிட மெல்லிய மணல் அடுக்கு, சுற்றிலும் களிமண் இருந்தால், அந்தக் கோட்டில் மேடாக வராது, பள்ளமாக வரும். கருவியின் இயல்பு அது. "நல்ல மணல் என்று டிரில்லர் சொல்கிறார், மின்தடை இறங்குகிறதே" என்று குழம்பினால் 16 அங்குலத்தையும் காமாவையும் பாருங்கள், அங்கே அடுக்கு தெளிவாக இருக்கும்.

காலிப்பரைப் பலர் கடைசியில் ஒட்டிவைக்கும் கோடாக நினைக்கிறார்கள். களிமண் சரிந்து துளை அகன்ற இடத்தில், சுவருக்கும் புரோபுக்கும் நடுவே சேறு நிறைய இருப்பதால் காமா குறைந்து தெரியும். மின்தடை எப்படியும் குறைவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் உவர்நீர் மணல் என்று வரும், உண்மையில் அது சரிந்த களிமண். காலிப்பர் இருந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

டிரில்லரின் மாதிரியையும் ஒதுக்காதீர்கள். துகள் அடியிலிருந்து மேலே வர நேரம் எடுக்கும், அதற்குள் பிட் இன்னும் கீழே போயிருக்கும், அதனால் மாதிரியின் ஆழம் சில மீட்டர் தள்ளிப்போவது சகஜம். எல்லை எங்கே என்பதை லாகிடம் கேளுங்கள், மணல் பருமனா நைஸா என்பதை மாதிரியிடம் கேளுங்கள்.

11. நிலக்கரித் துளையில்

நெய்வேலியைப் போன்ற இடத்தில் பழுப்பு நிலக்கரியில் காமா குறைவு, மின்தடை அதிகம். நல்ல தண்ணீர் மணலிலும் அப்படியேதான். இரண்டையும் பிரிப்பது அடர்த்தி: நிலக்கரி கன சென்டிமீட்டருக்கு 1.1 முதல் 1.3 கிராம், மணலும் களிமண்ணும் 2ஐ ஒட்டியும் அதற்கு மேலும். கரிமக் களிமண் நடுவில் நிற்கும், அதில் காமா உயர்ந்திருக்கும்.

துளைச் சுவர் சரிந்து பள்ளம் விழுந்த இடத்தில் அடர்த்திக் கருவி சேற்றை அளக்கும், சேற்றின் அடர்த்தியும் நிலக்கரியை ஒட்டியே இருக்கும். காலிப்பர் இல்லாமல் படித்தால் இல்லாத நிலக்கரி கணக்கில் ஏறிவிடும். எல்லையை வளைவின் பாதி உயரத்தில் எடுங்கள், எல்லாத் துளைகளிலும் ஒரே மாதிரி. ஒருவர் வளைவின் தொடக்கத்தில் எடுத்து இன்னொருவர் முடிவில் எடுத்தால், படிவத்தின் தடிமன் துளைக்குத் துளை பொய்யாக மாறும். நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீர்மணல் இருக்கிறது, சுரங்கத் தளத்தைக் காப்பாற்ற அதைப் பம்ப் செய்துகொண்டே இருக்கிறார்கள். அதனால் நிலக்கரியின் அடி எல்லை வந்ததும் லாகை நிறுத்தாமல் கீழே உள்ள மணலையும் முழுக்க எடுங்கள், நிலத்தடி நீர் பார்ப்பவர்களுக்கு அதுதான் வேண்டும்.

12. ஃபில்டர், சீல்: களத்திலேயே எழுதிக் கொடுங்கள்

பைப் இறக்கும் பட்டியலை அலுவலகத்துக்குப் போய் அனுப்புகிறேன் என்று கிளம்பாதீர்கள். துளை காத்திருக்காது. அங்கேயே உட்கார்ந்து, எத்தனையிலிருந்து எத்தனை மீட்டர் பிளைன் பைப், எத்தனையிலிருந்து எத்தனை ஃபில்டர் என்று எழுதி, மேஸ்திரியோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒவ்வொரு பைப்பையும் டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள், 6 மீட்டர் என்று சொல்லும் பைப்புகள் எல்லாம் சரியாக 6 மீட்டர் இருப்பதில்லை, முப்பது பைப் சேரும்போது வித்தியாசம் தெரியும்.

ஃபில்டரை மணலின் எல்லைவரை இழுக்காதீர்கள், மேலும் கீழும் ஒரு மீட்டராவது விடுங்கள். ஆழத்தில் சின்னத் தவறு இருந்தாலும் அது தாங்கும்.

உவர்நீர் மணலுக்கும் நல்ல தண்ணீர் மணலுக்கும் நடுவே உள்ள களிமண்ணுக்கு எதிரே, குழாய்க்கும் துளைச் சுவருக்கும் இடையில் களிமண் அல்லது சிமென்ட் சீல் வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டு மேலிருந்து கீழ்வரை கூழாங்கல் கொட்டினால், இயற்கை வைத்த தடுப்பை நாமே உடைத்து உப்பு இறங்க வழி செய்து கொடுக்கிறோம். முதல் வருடம் தண்ணீர் நன்றாக இருக்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரிக்க ஆரம்பிக்கும், பக்கத்துக் கிணறும் சேர்ந்து கெடும். ஃபில்டர் இடத்தைவிட சீல் இடத்தைத்தான் நான் இரண்டு முறை சரிபார்க்கிறேன்.

13. பம்ப் செய்த பிறகு

கிணறு சுத்தம் செய்து பம்ப் ஓட்டும் நாளில் நீங்கள் போக முடியாவிட்டாலும், ஈ.சி.யும் வெப்பநிலையும் கேட்டு வாங்கி, அதே லாகின் மேல் தேதியோடு எழுதுங்கள். நீங்கள் 1500 என்று கணித்தது 2400 வந்திருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். அந்தப் பகுதியில் அடுத்த துளைக்குப் போகும்போது, மணலின் மின்தடைக்கு எத்தனை மடங்கு வைப்பது என்பதை அந்த எண்தான் சொல்லும்.

மூலத் தரவைத் திருத்தாமல் ஒரு பிரதி, திருத்தியது ஒரு பிரதி, தலைப்பில் துளையின் விட்டம், சேற்றின் ஈ.சி., வெப்பநிலை, ஆழப் பூஜ்யம், புரோப் எண், வேகம், முடிவில் பூஜ்யத் தள்ளல். இவ்வளவும் இருந்தால் இருபது வருடம் கழித்து வேறொருவர் எடுத்துப் படித்தாலும் அந்த லாக் அவருக்குப் பயன்படும்.